பல் பிடுங்க யாருக்கு உரிமை? மலாக்காத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு பார்வை

2017 அக்டோபரில் மலாக்கா, ஆயர் குரோ செஷன்ஸ் நீதிமன்றத்தில் 20 வயதுப் பெண் ஒருவர் தம்மீதான குற்றத்தை ஒப்புக்கொண்டார். யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பல்லுக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொண்டவர் அவர். நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது; கட்டத் தவறினால் சிறை. அவ்வளவு பணத்துக்கு அவர் எங்கே போவார்? சிறைக்குத்தான் போனார். சில நாள் கழித்து அரசு சாரா அமைப்பு ஒன்று அபராதத்தைக் கட்ட, வெளியே வந்தார். நாடு முழுவதும் அந்த வாரம் இரண்டாகப் பிரிந்து பேசியது. படித்த பல் மருத்துவர்கள் கொதித்தார்கள். பொதுமக்களில் ஒரு பெரிய பகுதியினர், "வயிற்றுப் பிழைப்புக்குச் செய்த சிறு பெண்ணுக்கு இவ்வளவு தண்டனையா?" என்று இரக்கப்பட்டார்கள்.

இரண்டு தரப்புமே கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு. அவர்மீது வழக்குப் போடப்பட்டது பல் மருத்துவச் சட்டத்தின் கீழ் அன்று. தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் குறித்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அதாவது 586ஆம் எண் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் 2006 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாமல் தனியார் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமும் ஆறாண்டு வரை சிறையும் அதில் உண்டு. ஆக, நீதிமன்றத்தின் முன் நின்ற குற்றம், பதிவு இல்லாத ஓர் இடத்தைக் கிளினிக்காக நடத்தியது. அந்தப் பெண்ணின் கை இன்னொருவர் வாய்க்குள் என்ன செய்தது என்ற கேள்வி வழக்கின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மலாக்காவின் தோட்டப்புறத் தமிழர்களின் வாய்க்குள் யார் யார் கை வைத்தார்கள், யாருக்குச் சட்டம் அனுமதி தந்தது, எவ்வளவு தந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்த்தால், இந்த வழக்கு வேறு முகம் காட்டுகிறது.

முதலில் கம்பி. படித்தவர் கட்டும் கம்பிக்கும் படிக்காதவர் கட்டும் கம்பிக்கும் வெளிப்பார்வையில் வித்தியாசம் தெரியாது. அதே சிறு உலோகத் துண்டுகள், அதே வளைந்த கம்பி, அதே வண்ண வண்ண ரப்பர் வளையங்கள். இவை எல்லாமே இணையச் சந்தையில் கிடைக்கின்றன. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி தரும் மெல்லிய அழுத்தம் அந்தப் படலத்தை ஒரு பக்கம் நசுக்குகிறது, மறுபக்கம் இழுக்கிறது. நசுங்கிய பக்கம் எலும்பு கரைகிறது. இழுபட்ட பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் இப்படித்தான், மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், நகர்கிறது. அழுத்தம் கூடிப்போனால் படலத்துக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும், வேர் கரையத் தொடங்கும். ஏற்கெனவே ஈறு நோய் இருந்தால் பல் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் பல் சீரமைப்பு மருத்துவர் கம்பியைத் தொடுவதற்கு முன்பே எக்ஸ்ரே எடுக்கிறார், தாடையின் அச்செடுக்கிறார், சொத்தைகளை அடைக்கிறார், ஈறுகளைச் சுத்தம் செய்கிறார். பல்லின் மேற்பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சில நொடிகள் சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, பிசினைத் தடவி, ஒளியால் இறுக வைக்கிறார். கருவிகளை 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் மூன்று நிமிடமோ வைத்துக் கிருமி நீக்குகிறார்.

வாடகை அறையில் கம்பி கட்டுகிறவரிடம் எக்ஸ்ரே இல்லை, நீராவிக் கலன் இல்லை. கடையில் வாங்கிய பசையே ஒட்டும் பொருள் என்றும் பலமுறை செய்தி வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சொத்தையோடு சேர்த்து மூடி ஒட்டிவிடுவார். ஹெப்பட்டைட்டிஸ் பி போன்ற கிருமிகள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக ஒரு குறடு போதும். இதில் இரக்கத்துக்கு இடமே இல்லை என்று பல் மருத்துவர்கள் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த வாடகை அறைக்கு ஆள் வருகிறார்களே, ஏன்? தனியார் கிளினிக்கில் முறையாகக் கம்பி கட்ட ஆயிரக்கணக்கான வெள்ளி வேண்டும். அரசு நிபுணர் கிளினிக்கில் செலவு குறைவு, ஆனால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். அதுவும் பல் எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அளந்து, கடுமையானவர்களுக்கே முதலிடம் தருவார்கள். லேசான கோணல் உள்ள 17 வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமே கிடைக்காமல் போகலாம். தொழிற்சாலையில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைக்குக் கைபேசியில் சில நூறு வெள்ளிக்குக் கம்பி என்ற விளம்பரம் வருகிறது. பல் வரிசை என்பது அந்த வயதில் அழகு மட்டுமில்லை. வேலைக்கு நேர்காணலில் வாய் திறந்து பேசும் துணிச்சல் அது. தேவை உண்மை. அந்தத் தேவையைச் சட்டம் தண்டனையால் மட்டும் சந்திக்கும்போது, மூடிய ஒவ்வோர் அறைக்கும் பதிலாக இன்னோர் அறை திறக்கிறது.

இந்த நாட்டின் பல் மருத்துவச் சட்ட வரலாற்றில் நான் காணும் பாடம் இதற்கு நேர் எதிரானது. வெற்றி பெற்ற ஒவ்வொரு கட்டத்திலும் சட்டம் ஒரு கதவை அடைத்ததோடு நிற்கவில்லை. முழுப் படிப்பு இல்லாத ஒருவரைப் பெயர் எழுதி, "நீ இவ்வளவு செய்யலாம், இதற்கு மேல் கூடாது" என்று எல்லை வகுத்து உள்ளே விட்டது.

பிரிட்டனிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மலாயாவின் சட்டங்களுக்கு அதுவே தாய்வீடு. 1878ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பல் மருத்துவர் சட்டம் ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. ஆனால் அது காத்தது பட்டப் பெயரை மட்டுமே. பதிவில் இல்லாதவன் தன்னைப் பல் மருத்துவன் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, பல்லைப் பிடுங்கலாம்! நாற்பது ஆண்டுக்கு மேல் இந்த ஓட்டையில் ஆயிரக்கணக்கானோர் தொழில் நடத்தினார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் பதிவில்லாதவர் தொழில் செய்வதையே தடுத்தது. அப்படித் தடுத்தபோது, அதற்கு முந்தைய ஏழாண்டில் ஐந்தாண்டு இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. ஒரே நாளில் அவர்களை வீதிக்குத் தள்ளியிருந்தால் பிரிட்டனின் சிறு ஊர்களில் பல் வலிக்குப் போக ஆளே இருந்திருக்காது.

மலாயாவில் இதே முடிவு 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் பதிவுச் சட்டத்தில் வந்தது. சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இலேயே பல் மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டாலும், அங்கே படித்து வெளிவந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊர் ஊராகப் பல் கட்டியவர்கள் குடும்பத் தொழிலாகக் கற்றவர்கள், பெரும்பாலும் சீனர்கள். சட்டம் பதிவேட்டை இரண்டு பிரிவாக்கியது. பட்டம் பெற்றவர்கள் முதல் பிரிவு. பட்டம் இல்லாமல் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவில் புதிதாக யாரும் சேர முடியாது. அதிலிருந்த கடைசி ஆள் ஓய்வு பெறும்போது அந்தப் பட்டியல் தானாகவே முடியும். சிறு பட்டணங்களின் கடைவீதிகளில் பழைய தலைமுறைக்குத் தங்கப்பல் கட்டியவர்களும் செட்டுப்பல் செய்து தந்தவர்களும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களே.

வியப்பு என்னவென்றால் அதே 1948இல் இந்தியாவும் இதையே செய்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த இந்தியப் பல் மருத்துவர் சட்டம் மாநிலப் பதிவேட்டை ஏ, பி என்று பிரித்தது. பி பிரிவு, ஐந்தாண்டாவது இதையே தொழிலாகக் கொண்டிருந்த பட்டமில்லாதவர்களுக்கு. சென்னையிலும் மதுரையிலும் சாலையோரம் பல் கட்டிய குடும்பங்களில் சில அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தன. ஒரே காலனி ஆட்சியின் சட்டப் பழக்கம் வங்கக் கடலின் இரு கரையிலும் ஒரே தீர்வை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இந்தியச் சட்டத்தின் இடத்தில் 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

இந்தச் சட்டங்கள் மலாக்காத் தோட்டப்புறத்தை எப்படித் தொட்டன என்று பார்க்க, செலண்டாருக்கு வருகிறேன். ஜாசின் மாவட்டத்தின் உள்பகுதியில், நெகிரி செம்பிலான் எல்லைக்கு அருகில், லேடாங் மலை தெரியும் தூரத்தில் உள்ள சிறு பட்டணம் இது. சுற்றிலும் பால்மரமும் பிறகு செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள். மலாக்கா நகரத்துக்குச் சாலை வழி 30 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத் தோட்டத் தமிழனுக்கு நகரத்துக் கடைவீதிப் பல் மருத்துவன்கூட எட்டாத ஆள்தான். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும். பல் வலித்தால் கிராம்பு, உப்புத் தண்ணீர், வலி தாங்காத இரவில் கொஞ்சம் கள். அதற்கு மேல் டிரஸ்ஸர்.

டிரஸ்ஸர் என்ற மனிதரைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் மீது மருத்துவப் பொறுப்பைச் சுமத்தியிருந்தன. வருகை மருத்துவர் எப்போதோ ஒரு நாள் காரில் வந்து போவார். மீதி நாளெல்லாம் தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸரின் கையில். மலேரியாவுக்குக் கசப்பு மருந்து, பிள்ளைப்பேற்றுக்குத் துணை, பால்வெட்டும் கத்தி பட்ட காயத்துக்குத் தையல், ஆடும் பல்லுக்குக் குறடு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களைக் கேட்டால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன் டிரஸ்ஸர் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றிச் சொல்வார்கள். அவர் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ தமிழ்நாட்டவராகவோ இருப்பார்; லயத்து வரிசை வீடுகளில் வாழும் மக்கள் பேச்சைப் புரிந்துகொள்பவராகவும் இருப்பார். வலிக்கிற ஆளிடம் அவர் தமிழில் "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டதே பாதி மருந்து.

1965இல் நாடாளுமன்றம் இந்த மனிதருக்காகவே ஒரு சட்டம் செய்தது: தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். உலகில் வேறெங்கும் இப்படி ஒரு சட்டம் உண்டா என்று தெரியவில்லை என்றாலும், இதன் தர்க்கம் நமக்குப் பழகியதே. டிரஸ்ஸர் டாக்டர் இல்லை. ஆனால் அவரை விரட்டினால் தோட்டத்தில் யாரும் இல்லை. ஆகவே அவரைப் பதிவு செய், தகுதியைச் சோதி, பெயர் பட்டியலில் இல்லாதவனைத் தோட்டம் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சொல். இந்தச் சட்டம் பல்லைப் பற்றியதன்று. ஆனால் தோட்டத் தமிழரின் உடலைத் தொட்ட கைகளில் பெரும்பாலானவை சட்டப் பதிவுக்குள் வந்தது இதன் வழியாகத்தான். வரலாற்றாசிரியர்கள் இதற்குத் தரும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்கு வந்த தீர்வு இதைவிடத் துணிச்சலானது. நியூசிலாந்தில் 1921இல் தாமஸ் ஹண்டர் என்பவர் ஒரு திட்டம் தொடங்கினார். முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பல் எவ்வளவு கெட்டிருந்தது என்று பார்த்து அந்த நாடு அதிர்ந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க அவ்வளவு பல் மருத்துவர்களை உருவாக்க முடியாது. ஆகவே இளம் பெண்களை இரண்டாண்டு பயிற்றுவித்து, பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பால்பல்லைப் பிடுங்கவும் அனுமதி தந்தார்கள். உலகெங்கும் பல் மருத்துவர்கள் சங்கங்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தன. மலாயா பின்பற்றியது. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்ற பெண்கள் மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகளுக்கெல்லாம் போனார்கள்.

இந்தச் சேவை இன்றும் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. வேனில் மடக்கு நாற்காலியும் கையடக்கக் காற்றழுத்த இயந்திரமும் விளக்கும் வந்து இறங்கும். பள்ளி மண்டபத்தின் ஒரு மூலை அன்று கிளினிக். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை; ஒருவர் வாயைப் பார்த்துப் பல்லின் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். அடுத்த ஆண்டு அதே அட்டை திரும்ப வரும். போன ஆண்டு பார்த்த சிறு புள்ளி இப்போது குழியாகியிருக்கிறதா என்று அதிலே தெரியும். 20 பிள்ளைகள் மட்டுமே படிக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் இந்த வேன் வந்தது, வருகிறது. தனியார் சந்தை ஒருபோதும் போகாத இடம் அது. அதன் பின்னணியில் இருப்பது, வரையறுக்கப்பட்ட அனுமதி என்ற ஒரு சட்டக் கருத்து. தாதி பெரியவர்களைத் தொடக்கூடாது. வேர் சிகிச்சை செய்யக்கூடாது. அரசு வேலையை விட்டுத் தனியாகக் கிளினிக் வைக்கக்கூடாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல் சொத்தையை அவர் அடைக்கலாம். அந்த எல்லைக்குள் அவர் கைதேர்ந்தவர்.

1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், 51ஆம் எண் சட்டம், பல் தொடர்பான இந்த ஏற்பாடுகளை ஒரு குடைக்குள் கொண்டு வந்தது. மலேசியப் பல் மருத்துவ மன்றம் பதிவேட்டைப் பேணியது. ஆண்டுதோறும் பணிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும் என்றாயிற்று. எந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் செல்லும் என்ற பட்டியல் சட்டத்தின் இணைப்பாகவே இருந்தது. இந்தப் பட்டியலுக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மகளை இந்தியாவுக்குப் பல் மருத்துவம் படிக்க அனுப்பத் தோட்டத்து நிலத்தையும் சேமநிதியையும் கரைத்த பெற்றோர், அந்தக் கல்லூரி பட்டியலில் இல்லை என்று பின்னால் அறிந்தால் என்ன ஆவார்கள்? 1972இல் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் பல் மருத்துவத் துறையைத் தொடங்கிய பிறகும், அங்கே கிடைத்த இடங்கள் மிகச் சில. பின்னாளில் மலாக்காவிலேயே, இந்தியாவின் மணிப்பாலோடு கைகோத்து 1997இல் உருவான மருத்துவக் கல்லூரி பல் மருத்துவமும் சொல்லித் தரத் தொடங்கியது. இந்த மாநிலத்தில் படித்த பல் மருத்துவர்கள் உருவானார்கள். கட்டணம் ஒரு பால்மரத் தொழிலாளியின் வாழ்நாள் சம்பளத்தோடு ஒப்பிடத்தக்கது என்பது வேறு விஷயம்.

1971ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் இடத்தைப் பிடித்தது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், 804ஆம் எண் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 1 அன்று. இதில் நான்கைந்து மாற்றங்கள் முக்கியமானவை. ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதிவில்லாமல் பல் மருத்துவம் செய்பவருக்கு இப்போது இந்தச் சட்டத்தின் கீழேயே 300,000 வெள்ளி வரை அபராதமும் ஆறாண்டு வரை சிறையும் உண்டு. ஆயர் குரோ வழக்குப் போன்ற ஒன்று இன்று வந்தால், இடத்தின் பதிவைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாய்க்குள் கை வைத்ததே குற்றம். நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு வந்தது. ஆகவே பல் சீரமைப்பு நிபுணர் என்று எழுதிக்கொள்பவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டம் பெற்றவர் தகுதித் தேர்வு எழுதி உள்ளே வர ஒரு வழி கிடைத்தது. தோட்ட நிலத்தை விற்ற அந்தப் பெற்றோருக்கு இது சிறிய ஆறுதல். பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும்.

நான் தனியாக எடுத்துச் சொல்ல விரும்பும் மாற்றம் பல் தாதியைப் பற்றியது. புதிய சட்டம் அவர்களைப் பல் சிகிச்சையாளர் என்று அழைத்து, அவர்களுக்கென ஒரு வாரியத்தையும் பதிவேட்டையும் தந்தது. அரசு வேலைக்குள் மட்டுமே அடைபட்டிருந்தவர்கள் இனிப் பதிவு பெற்ற பல் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்கிலும் வேலை செய்யலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பார்க்கலாம். 70 ஆண்டாகப் பள்ளி மண்டபங்களில் நிரூபித்துக் காட்டியவர்களுக்குச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. இது சரியான திசை. ஆனால் இதனால் செலண்டார் போன்ற இடத்துக்கு என்ன கிடைக்கும்? தனியார் கிளினிக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்த வாசலும் இருக்கும். மலாக்கா நகரத்திலும் ஆயர் குரோவிலும் கிளினிக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தோட்டப்புறத்துச் சாலைகளில் அப்படி இல்லை.

தோட்டமே இன்று பழைய தோட்டம் இல்லை. 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடலும், பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதும், அந்நியத் தொழிலாளர் வருகையும் தமிழ்க் குடும்பங்களை லயத்திலிருந்து கிளப்பிவிட்டன. சிலர் அருகிலுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், சிறு வீடு வாங்கினார்கள். பலர் தொழிற்பேட்டைகளை நாடிப் போனார்கள். போனபோது டிரஸ்ஸரும் போய்விட்டார். தோட்ட நிர்வாகத்தின் மருத்துவப் பொறுப்பு தோட்டத்தில் வேலை செய்பவனுக்குத்தான். தாமானில் குடியிருப்பவனுக்கு இல்லை. பள்ளி முடித்த பிள்ளைக்குப் பள்ளி வேன் இல்லை. பதினெட்டைத் தாண்டிய தோட்டப்புறத் தமிழனைத் தேடி வந்து வாயைத் திறக்கச் சொல்லும் பதிவு பெற்ற கை இன்று அநேகமாக எதுவும் இல்லை. அவன்தான் அரசு கிளினிக்குக்குப் போக வேண்டும். போவது வலி வந்த பிறகு. கட்டணம் சில வெள்ளிதான் என்பது உண்மை. நேரமும் பயணமும் கூச்சமும் வேறு கணக்கு.

இங்கேதான் பல் சட்டம் என்று நாம் நினைப்பது பல்லை விடப் பெரிய விஷயமாகிறது. மலேசியத் தமிழர்களின் வாயில் பல்லைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பயிரையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, பால்மர நிழலில் ஒரு சுருள் வெற்றிலையில் பசியை அடக்கிய பெண்களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. மலேசியாவில் மக்கள்தொகையில் பத்தில் ஒருவரைக்கூட எட்டாத இந்தியர்கள், வாய்ப்புற்றுநோயாளிகளில் தங்கள் விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதை மருத்துவ ஆய்வுகள் 1970களிலிருந்தே காட்டி வருகின்றன. நோயாளிகளில் தோட்டத்துப் பெண்கள் கணிசம்.

இந்த நோய் வலியோடு வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ ஒரு வெள்ளைத் திட்டு, துடைத்தால் போகாது. அல்லது ஒரு சிவப்புத் திட்டு. அல்லது வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் இறுகும், காரம் தாங்காது. இவை புற்றுநோய்க்கு முந்தைய படிகளாக இருக்கலாம். அந்தப் படியில் பிடித்தால் உயிர் பிழைக்கும். கண்ணாடி, விளக்கு, பழகிய கண், இரண்டு நிமிடம், இவ்வளவே தேவை. அதனால்தான் 1990களின் பிற்பகுதியிலிருந்து சுகாதார அமைச்சு அபாயம் மிகுந்த சமூகங்களுக்குள் அரசுப் பல் மருத்துவர்களை அனுப்பி வாய்ப் பரிசோதனை செய்தது. தோட்டங்கள் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தன. கோவில் மண்டபத்திலும் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலும் வரிசையாக உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார்கள்.

வாடகை அறையில் கம்பி கட்டுகிறவர் பார்க்காதது இதைத்தான். அவர் கண்ணுக்கு முன்பற்கள் மட்டுமே தெரியும். ஆறாண்டு சிறை என்ற மிரட்டலை நான் ஆதரிப்பதும் இதனால்தான். பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதன் பொருள், பல்லைப் பிடுங்கும் உரிமை மட்டுமில்லை; பல்லைப் பார்க்க வந்தவரின் வாய் முழுவதையும் பார்க்கும் கடமையும் அதில் அடங்கும்.

ஆனால் அந்தக் கடமையைச் செய்யும் கைகளின் எண்ணிக்கையைச் சட்டம் பெருக்க வேண்டும். செய்ய முடியாத வேலையன்று இது. நான் முன்வைப்பது மூன்று. முதலாவது எளிது: பதிவேட்டை மக்கள் பயன்படுத்தும்படி செய்வது. மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இதைத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் கோவில் திருவிழாவிலும் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். கம்பி கட்ட ஆசைப்படும் பிள்ளை தன் கைபேசியிலேயே அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கட்டும். இரண்டாவது: அரசு நிபுணர் கிளினிக்கின் கம்பி வரிசையில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கோணலின் கடுமையோடு குடும்ப நிலையையும் சேர்த்து மதிப்பெண் தருவது. பற்களின் கோணம் மட்டுமே தேவையை அளக்காது என்பதைப் போலிக் கம்பியின் சந்தையே நமக்குச் சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் சட்டத்தின் எல்லையைத் தொடுகிறது. பல் சிகிச்சையாளரின் அடிப்படை அனுமதி 18 வயதோடு நிற்கிறது. பிள்ளையின் வாயைப் பார்க்கத் தோட்டப்புறப் பள்ளிக்கு வரும் அதே பெண், பிள்ளையை அழைத்துப்போக வாசலில் வெற்றிலை வாயோடு நிற்கும் பாட்டியின் வாயைப் பார்க்கும் பொறுப்பில் இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்ய அனுமதி வேண்டாம். பெரியவர்களின் பல்லைப் பிடுங்க வேண்டாம். ஊசி போட வேண்டாம். பார்க்க மட்டும். வெள்ளைத் திட்டையோ சிவப்புத் திட்டையோ கண்டால் பெயரையும் தேதியையும் எழுதி, ஜாசின் மாவட்டத்துப் பல் மருத்துவ அதிகாரிக்கு அனுப்பி, அந்தப் பாட்டி இரண்டு வாரத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று தொடர்ந்து கேட்க மட்டும். இதற்குச் சில வாரக் கூடுதல் பயிற்சியும், சிகிச்சையாளர் வாரியத்தின் ஒரு தனிச் சான்றிதழும், வேனில் இன்னொரு பெட்டி அட்டைகளும் போதும். 1948இல் பட்டமில்லாதவர்களையும், 1949இல் பினாங்குப் பெண்களையும், 1965இல் டிரஸ்ஸர்களையும் எல்லை வகுத்து உள்ளே கொண்டுவந்த சட்ட மரபுக்கு இது புதியதும் இல்லை. சிகிச்சையாளர் வாரியமும் சுகாதார அமைச்சும் ஜாசின் மாவட்டத்திலேயே, அதன் தமிழ்ப்பள்ளிகளையும் கோவில்களையும் வைத்து, இதை ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.